பயப்படுகிற நான் நர்ஸ் ஆக லாயக்கா?

கேள்வி:

மேடம், நான் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வருஷம் மார்ச்சில் ஹாஸ்டலை மூடியதிலிருந்து பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன். வகுப்பெல்லாம் போனில். ஊசி போடுவது, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது எல்லாம் வீடியோவில் பார்த்ததோடு சரி. அடுத்த மாதம் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு (மருத்துவமனை வார்டுப் பயிற்சிக்கு) வந்துவிட வேண்டும், கோவிட் வார்டும் இருக்கலாம் என்று கல்லூரி வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி மாட்டிப் பார்க்கிறேன். வீட்டில் 72 வயது ஆச்சி, சர்க்கரை நோய் உண்டு. என்னால் ஆச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்பா "படிச்சது போதும், நிறுத்திரு, மாப்பிள்ளை பார்க்கிறேன்" என்கிறார். சீனியர் அக்காக்கள் எல்லாரும் கோவிட் டியூட்டி பார்க்கிறார்கள். விளக்கேற்றி உறுதிமொழி எடுத்துவிட்டு இப்படிப் பயப்படுகிற நான் நர்ஸ் ஆக லாயக்கா? சில ராத்திரி, காலையில் கண் முழிக்காமலே போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம். ஜூன் 2021.

பதில்: (மனநலச் செவிலியப் பேராசிரியை)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதல் பதில்.

தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து கிடக்கிற பலருக்கும் இப்படி ஓர் எண்ணம் வந்துபோகும். அது வந்துவிட்டது என்பதற்காக நீங்கள் கெட்டுப்போனவர் இல்லை, பலவீனமானவரும் இல்லை. ஆனால், சும்மா தோன்றியது என்று தள்ளிவிடவும் கூடாது. தற்கொலை எண்ணத்தைப் பற்றி நோயாளியிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மனநலச் செவிலியப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் உங்களிடமும் நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று நினைத்தீர்களா? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்காக எதையாவது தேடியோ எடுத்தோ வைத்தீர்களா? கடைசி இரண்டில் எதற்காவது "ஆமாம்" என்றால், இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே அம்மாவிடம் சொல்லுங்கள். ராத்திரியாக இருந்தாலும் எழுப்பிச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் வயல் வேலை உண்டென்றால், பூச்சிமருந்து டப்பாக்களைப் பூட்டி சாவியை அம்மா வைத்துக்கொள்ளட்டும். ஆச்சியின் மாத்திரைகளும் அம்மாவிடமே இருக்கட்டும். எண்ணம் எழும் நேரத்துக்கும் அது தணியும் நேரத்துக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருப்பதே நம் ஊரில் பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

மூன்றுக்கும் "இல்லை" என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் கேளுங்கள், அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஊரடங்கால் பஸ் ஓடாத இந்த நாட்களில் முதலில் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐக் கூப்பிட்டுப் பேசுங்கள், ஆலோசனையும் தருவார்கள், எங்கே போவது என்றும் சொல்வார்கள். "மனநல டாக்டரைப் பார்த்தால் நாளைக்கு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனுக்குச் சிக்கல் வருமா?" என்று என் மாணவிகள் பலர் தயங்கியிருக்கிறார்கள். உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. போகும்போது ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தாலும் தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும். எல்லாவற்றையும் மனசின் தலையிலேயே போடக் கூடாது.

சரி, இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

வென்ஃப்ளானை வீடியோவில் மட்டும் பார்த்த ஒரு பெண், மூச்சுத் திணறுகிற நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகிறோமே என்று பயப்படுகிறாள். இந்தப் பயத்தில் பாதி நோயே இல்லை, சரியான கணிப்பு. கற்றுக்கொள்ளாத வேலையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று உங்கள் அறிவு உங்களை எச்சரிக்கிறது. என்னிடம் பேசிய மாணவிகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவர்கள் உங்களைப் போலப் பயந்தவர்கள் இல்லை. "எல்லாம் பார்த்துக்கலாம் மேம்" என்று கையுறையைக்கூட சரியாக மாட்டாமல் கிளம்பியவர்கள்தான்.

போனில் கற்றுக்கொள்ள முடிகிற விஷயங்களும் இருக்கின்றன. 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழுகிற செட் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? சுமார் 42. இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பழகலாம். ஆனால் நரம்பு தேடும்போது விரல் நுனிக்குக் கிடைக்கிற அந்த மெத்தென்ற எழும்பல், ஊசி உள்ளே போனதும் வென்ஃப்ளானின் பின்பக்க அறையில் ரத்தம் எட்டிப் பார்ப்பது, அந்த நொடியில் ஊசியை அதற்கு மேல் தள்ளாமல் குழாயை மட்டும் நகர்த்துவது, இதையெல்லாம் எந்த வகுப்பும் போன் வழியாகக் கொடுக்க முடியாது. 2020 மார்ச்சிலிருந்து உங்கள் பேட்ச் இழந்தது இதைத்தான். அது உங்கள் தப்பு இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டிக் கொடுக்க வேண்டியது கல்லூரியின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஈடுகட்டாமலே உங்களை வார்டில் நிறுத்துவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

உறுதிமொழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வெள்ளை உடுப்பில், கையில் விளக்கோடு சொன்ன அந்த வாசகங்களை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை. அவர் பெயரில் 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு செவிலியர் பள்ளியில் எழுதப்பட்டவை அவை. பயப்படக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. தீங்கானதைச் செய்ய மாட்டேன், கேடு தரும் மருந்தைத் தெரிந்தே கொடுக்க மாட்டேன் என்றுதான் இருக்கிறது. அப்படியானால், "இதை நான் செய்து பார்த்ததில்லை மேம், பக்கத்தில் நில்லுங்கள்" என்று சொல்கிற மாணவி அந்த உறுதிமொழியைக் காப்பாற்றுகிறாள். நைட்டிங்கேலையும் நாம் விளக்கோடு மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். கிரிமியப் போரிலிருந்து திரும்பியவர், 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியருக்கென்று பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, பயிற்சி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தவர் அவர்.

அடுத்து, உங்களைக் கோவிட் வேலைக்கு எந்த அளவுக்குக் கூப்பிடலாம் என்று பார்ப்போம். 2021 மே 3-ஆம் தேதி பிரதமர் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பும் அதை ஒட்டிய வழிகாட்டுதலும் பேசுவது படிப்பை முடித்த பி.எஸ்சி., ஜி.என்.எம். (டிப்ளமோ) செவிலியரைப் பற்றியும், தேர்வுக்குக் காத்திருக்கும் இறுதியாண்டு மாணவர்களைப் பற்றியும்தான். அவர்களுக்கும் மூத்தவர்களின் மேற்பார்வை வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், அரசின் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மூன்றாம் ஆண்டு. உங்கள் போஸ்டிங் என்பது படிப்பின் ஒரு பகுதி. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட உங்களைக் கோவிட் வார்டில் ஸ்டாஃப் கணக்கில் போட முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி பாரம் இறங்கும். நீங்கள் தனியாக ஒரு வார்டைத் தாங்கப் போகிறவர் இல்லை, கற்றுக்கொள்ளப் போகிறவர்.

ஆகவே, வாட்ஸப் குழுவில் புலம்புவதை நிறுத்திவிட்டு கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தனியாக எழுதப் பயமாக இருந்தால், உங்களைப் போலவே பயந்துகொண்டிருக்கிற ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிச்சயம் இருப்பார்கள், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சண்டை தொனி வேண்டாம், மரியாதையாக நேரடிக் கேள்விகளாகக் கேளுங்கள். கோவிட் வார்டா, சாதாரண வார்டா? எங்களோடு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் இருப்பாரா, எத்தனை மாணவிகளுக்கு ஒருவர்? வார்டுக்குப் போகும் முன் லேபில் மேனிக்கினில் (பயிற்சிப் பொம்மையில்) பழக நாட்கள் கொடுப்பீர்களா? இரண்டு டோஸ் தடுப்பூசி முடியாதவர்களை என்ன செய்வீர்கள்? எங்களில் ஒருவருக்குத் தொற்று வந்தால் தனி அறை எங்கே, செலவு யாருடையது, காப்பீடு உண்டா, வருகைப்பதிவு என்னாகும்? பதிலை எழுத்தில் கேளுங்கள். இவற்றில் பலவற்றைக் கல்லூரி ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கலாம், உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வரி வாட்ஸப் செய்தி கிளப்பிவிட்ட பயத்தை இரண்டு பக்கப் பதில் கணிசமாகக் குறைத்துவிடும். பதிலே வரவில்லை என்றால், பெற்றோரோடு நேரில் போய்க் கேட்க அதுவே காரணம்.

தடுப்பூசி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கோவிஷீல்டுக்கு 2021 மே மாதம் இரண்டு டோஸுக்கும் இடையே 12 முதல் 16 வாரம் என்று ஆக்கிவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு 2021 ஜனவரி 16 அன்றே போடத் தொடங்கிவிட்டார்கள், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மே மாதத்தில். நீங்கள் இன்னும் முதல் டோஸே போடவில்லை என்றால், அடுத்த மாத போஸ்டிங்குக்குள் இரண்டாவது முடியாது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

பி.பி.இ. எனப்படும் பாதுகாப்பு உடுப்பு பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாணவிகளின் பயமெல்லாம் அதை மாட்டிக்கொண்டு உள்ளே நிற்கிற நேரத்தைப் பற்றித்தான். வியர்வை கால்வழியே இறங்கும், கண்ணாடி பனிமூட்டமாகும், தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகக் கவனம் தேவைப்படுவது கழற்றும்போது. டியூட்டி முடிந்தது, உடம்பு துவண்டிருக்கிறது, சீக்கிரம் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று கை துடிக்கும். தொற்று கையில் ஏறுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். கையுறையை முதலில், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி எடுக்க வேண்டும். கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி மெதுவாகச் சுருட்டி இறக்க வேண்டும். முகக்கவசம் எல்லாவற்றுக்கும் கடைசியில், வார்டை விட்டு வெளியே வந்த பிறகு, முன்பக்கத்தைத் தொடாமல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை கழுவுவது. உங்கள் மருத்துவமனையில் கொடுக்கிற செட்டைப் பொறுத்து வரிசை கொஞ்சம் மாறும், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். வீட்டில் ஒரு மழைக்கோட்டும் பழைய கையுறையும் இருந்தால் இதை இன்றைக்கே பழகலாம். கையுறையில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். முடிந்ததும் உங்கள் மணிக்கட்டிலோ கன்னத்திலோ சிவப்பு இருக்கிறதா என்று தங்கச்சியையோ அம்மாவையோ பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பே ஒட்டாத அளவுக்குக் கை பழகும்வரை செய்யுங்கள். இந்த மாதிரிப் பயிற்சி பயத்துக்கு நல்ல மருந்து. படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க வளர்கிற பயம், கை வேலை செய்யச் செய்ய இறங்கும்.

ஆக்ஸிமீட்டர். நல்ல கருவி, ஆனால் உங்கள் கையில் இப்போது வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை 98 என்று காட்டும்போதும் ஒரு நிமிட நிம்மதி கிடைக்கும். அந்த நிமிடம் முடிந்ததும் மூளை மறுபடி கேட்கும். பார்க்கப் பார்க்கப் பார்க்கிற ஆசைதான் வளரும். போதாக்குறைக்கு நகப்பூச்சோ, குளிர்ந்த விரலோ, கொஞ்சம் அசைவோ இருந்தால் தப்பான எண் காட்டி ராத்திரி முழுக்க உட்கார வைக்கும். காய்ச்சலோ இருமலோ இல்லாத ஆளுக்கு இது தேவையே இல்லை. கருவியை அம்மாவிடம் கொடுங்கள். விடவே முடியவில்லை என்றால் முதல் வாரம் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, அப்புறம் அதுவும் வேண்டாம். எடுக்கத் துடிக்கும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். படபடப்பு உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

தூக்கத்துக்கு: ராத்திரி போனைப் படுக்கையிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு வேண்டும் என்றால் சாதாரண கடிகாரம் போதும். மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியபோது, குழுக்களில் ஓடிய மரணச் செய்திகளை விடிய விடியப் படித்த பெண்கள் எத்தனையோ பேர். அதைப் படித்து யாருக்கும் எந்த உதவியும் நடக்கவில்லை. பகலில் வெயில் படும்படி கொஞ்சம் நடங்கள், எந்நேரம் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், மதியத் தூக்கத்தை விட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். அது மருத்துவர் எழுத வேண்டியது.

சீனியர் அக்காக்கள் ஸ்டேட்டஸில் கண்ணாடித் தழும்போடு சிரித்த முகத்தைப் போடுவார்கள். டியூட்டி ரூமில் அழுததைப் போட மாட்டார்கள். அவர்களில் நீங்கள் நம்புகிற ஒருவரைக் கூப்பிட்டு, "முதல் நாள் எப்படி இருந்தது அக்கா?" என்று மட்டும் கேளுங்கள். "முன்களப் பணியாளர்", "தேவதை" என்று ஊரே சொல்கிறது. மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் தேவதைக்குப் பசியும் பயமும் இருக்கக் கூடாது என்று நாமும் நம்பத் தொடங்கினால் ஆபத்து. அதே ஊர், 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்ததையும் பார்த்தோம். புகழ்ச்சியையும் விரட்டலையும் நம்பி உங்கள் தகுதியை எடை போடாதீர்கள்.

இனி அப்பா. அவர் "நிறுத்திரு" என்பதில் படிப்பின் மீது வெறுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மகளை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. "நான் படிக்கணும்" என்று எதிர்த்துப் பேசினால் குரல்தான் உயரும். கல்லூரியின் எழுத்துப் பதிலை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். போஸ்டிங் நடக்கிற நாட்களில் வீட்டுக்கு வர மாட்டேன், முடிந்ததும் கல்லூரி சொல்கிறபடி தனித்திருந்து பரிசோதித்துவிட்டுத்தான் வருவேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாப்பிள்ளை பேச்சுக்கு, "இந்த வருஷம் முடியட்டும்ப்பா" என்பதற்கு மேல் இப்போது எதுவும் பேச வேண்டியதில்லை. அப்பாவிடம் பேச முடியாது என்றால் சித்தப்பா, மாமா, பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் என்று அவர் மதிக்கிற ஒருவரைப் பேச வையுங்கள்.

ஆச்சிக்கு இன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1 அன்றே தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சி போட்டுக்கொண்டார்களா? இல்லையென்றால் நீங்களே கூட்டிப்போங்கள். சர்க்கரை இருப்பவர்கள் போடக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். போட்ட அன்று கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். ராத்திரி பக்கத்தில் இருந்து, சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களால் ஆச்சிக்கு என்னாகுமோ என்று ராத்திரிகளைக் கழிக்கிறீர்கள். உங்களால் ஆச்சிக்கு ஆகக்கூடிய நல்லதும் இருக்கிறது.

படிப்பை விடுவதா வேண்டாமா என்ற முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள். தூக்கமில்லாத தலை எடுக்கிற முடிவு அது. மருத்துவரைப் பார்த்து, ஒழுங்காகத் தூங்கத் தொடங்கி, லேபில் கொஞ்ச நாள் பழகிய பிறகு யோசியுங்கள். அப்போதும் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றினால், அது தோல்வி இல்லை, நிதானமாக எடுத்த முடிவு. அதை அப்பாவிடம் சொல்ல நானும் உதவுகிறேன். உடல்நிலை காரணமாக இப்போதைக்குத் தொடர முடியாது என்று மருத்துவரே சொன்னால், இடைவெளி எடுத்துக்கொண்டு மறுபடி சேர பல்கலைக்கழக விதிகளில் வழி இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் அதற்கான நடைமுறையைக் கேளுங்கள். யாரிடமும் சொல்லாமல் வராமல் நின்றுவிடுவதுதான் பின்னால் சிக்கல். கல்விக் கடன் வாங்கியிருந்தால், வங்கிக் கிளைக்கும் மருத்துவரின் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.